லீமாவ் மரத்தைப் பெண் பார்த்த ஞாயிறு

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஜெகதீஸ்வரியின் பால்கனித் தொட்டியில் நின்ற லீமாவ் என்ற குட்டி ஆரஞ்சு மரத்தில் ஒரு பழம் சுருங்கியிருந்தது. சுருங்கிய பழத்தைப் பறித்து எறிவது பெரிய காரியமல்ல. அவள் இரண்டு விரல்களால் அதைப் பிடித்து லேசாகத் திருகினாள். பழம் வரவில்லை. சற்றே அழுத்தி இழுத்தாள். கிளை முழுவதும் வளைந்து வந்ததே தவிர, பழம் கிளையை விடவில்லை. நெற்றியில் ஏற்றியிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தபோது, காம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நாடா சுற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. அடுத்த பழத்தைப் பார்த்தாள். அங்கும் கம்பி. மரத்தைச் சுற்றி ஒரு வலம் வந்து முடித்தபோது, சொந்தக் காம்பில் தொங்குவது ஏழே ஏழு பழம் என்பதும், மற்ற ஐம்பத்துச் சொச்சமும் வேறு ஏதோ மரத்தில் பிறந்து இங்கே குடியேற்றப்பட்டவை என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டன.

"என்னா, மரத்துக்குப் பிரதட்சணம் பண்றே?" என்று கூடத்திலிருந்து கேட்டார் அவள் கணவர் முனுசாமி.

"ஒண்ணுமில்ல. நீங்க டிவி பாருங்க."

ஒண்ணுமில்லை என்று ஜெகதீஸ்வரி சொன்னால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று இருபத்தெட்டு வருட இல்லறத்தில் தெரிந்துவைத்திருந்த முனுசாமி, தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்துக்கொண்டார்.

பினாங்கின் ஜெலுத்தோங்கில் இரட்டையாக நிற்கும் அந்த அடுக்குமாடியில், ஜெகதீஸ்வரியையும் சேர்த்துச் செடி வளர்க்கும் நால்வர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாள் கழிந்ததும் நர்சரிகள் மிஞ்சிய செடிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும். பினாங்கில் வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த இரண்டு வாரந்தான். அப்போது ஆளுக்கொரு செடி வாங்குவதும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவர் வீடாகப் போய் அந்தச் செடியைப் பெண் பார்ப்பதும் மூன்று வருடமாக அவர்களுக்குள் நடந்துவரும் வழக்கம்.

அதைத் தொடங்கிவைத்தவர் பொன்னம்மை ஆச்சி. லெபோ பினாங்கு என்னும் தெருவில் குடும்ப அலுவலகத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிற அறுபது வயதுச் செட்டியார் வீட்டு அம்மாள். குழுவில் இளையவளான ஷர்மினி ஒருமுறை புதிதாக வாங்கிய ரோஜாச் செடியை மழைக்குத் துணி போட்டு மூடித் தூக்கிவந்தபோது, "முக்காட்ட எடும்மா, பொண்ணப் பாப்போம்" என்று ஆச்சி சொல்லிவைக்க, அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து ஒரு முழுச் சடங்கே முளைத்துவிட்டது. செடி வாங்கியவர் பெண் வீட்டார். மற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் கட்டாயம். மாப்பிள்ளை வீட்டார் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டலாம், தொட்டியைத் தட்டி வேரைப் பார்க்கலாம், வாய்க்கு வந்த குறையைச் சொல்லலாம். செடி வாங்கிய கதையைப் பெண் வீட்டார் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்: எந்தக் கடை, யார் ஏமாற்றப் பார்த்தார், யார் ஏமாந்தார், எல்லாம்.

குறை சொல்வதில் ஜெகதீஸ்வரியை மிஞ்ச ஆளில்லை. துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகச் சுங்கப் பத்திரங்களைச் சரிபார்த்து வருபவள் அவள். பிறர் கண்ணுக்குத் தெரியாத பிழை அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்று வணக்கம் சொல்லும். ஷர்மினியின் ரோஜாவில் வெள்ளைப் பூஞ்சணத்தைக் கண்டுபிடித்து, "பொண்ணு மூஞ்சில பவுடர் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னவள் அவள்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கும் லோகேஸ்வரன், பெருமையோடு கொண்டுவந்து வைத்த குரோட்டன் செடியை ஒரு தட்டுத் தட்டி, "மேக்கப்பெல்லாம் சரிதான் தம்பி, கால்தான் இல்ல" என்று வேரில்லாத அடிப்பாகத்தைத் தூக்கிக் காட்டியவளும் அவளே. இந்தத் தீர்ப்புகளுக்குப் பயந்தே மற்ற மூவரும் நர்சரியில் கூடுதலாக அரை மணி நேரம் நின்றார்கள்.

இந்த வருடம் கேசரிக்கும் கேலிக்கும் மேலாக ஒன்று பந்தயத்தில் இருந்தது. கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்தளத்தில் பழைய தண்ணீர்த் தொட்டியை அகற்றிவிட்டார்கள். அந்த இடம், பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, தண்ணீர்க் குழாயோடு, காலை முதல் மாலை வரை தடையில்லாத வெயிலோடு காலியாகக் கிடந்தது. செடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாவிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பாக ஒரே ஒரு வீட்டின் பெயரைத்தான் எழுதித் தர வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள் என்று நிர்வாகக் குழு சொல்லியிருந்தது. யார் பெயர் என்ற பேச்சு வந்தபோது, "பொண்ணு பாக்கறப்ப மார்க்கு போடுவோம், யார் செடிக்கு மார்க்கு கூடவோ அவங்க பேரு" என்ற யோசனையை முன்வைத்ததே ஜெகதீஸ்வரிதான். வேர், இலை, பூவோ காயோ, கடைக் கதை; ஒவ்வொன்றுக்கும் பத்து.

அந்த வெயில் அவளுக்கு எவ்வளவு தேவை என்பது யாருக்கும் தெரியாது. அவள் குடியிருப்பது ஆறாம் மாடியில், கிழக்குப் பார்த்த வீடு. சென்ற வருடம் எதிரே நாற்பது மாடியில் இரண்டு கோபுரங்கள் எழுந்தன. கட்டடம் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நிழல் யார் வீட்டில் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒருமுறை ஆச்சி கேட்க வாயெடுத்தபோதும், "எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்று ஜெகதீஸ்வரி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டாள். உண்மையில், காலை ஒன்பதே முக்காலுக்கு இரண்டு கோபுரங்களின் இடுக்கு வழியாக ஒரு முழ அகலத்தில் வருகிற வெயில், அவள் பால்கனியில் துணி காயப்போடும் கொடியைத் தொட்டுவிட்டுப் பத்து மணிக்குள் போய்விடும். மூன்று மல்லிகையும் ஒரு செம்பருத்தியும் ஒவ்வொன்றாகப் போயின. விருந்தினர் வரும் நாட்களில் நர்சரியிலிருந்து பூத்த செடியாக வாங்கிவந்து வைத்து, அது வாடியதும் அடுத்ததை வாங்கி, தன் கைராசிக்கு ஒரு வருடமாக அவள் வாடகை கொடுத்து வந்தாள்.

ஆகவேதான், சென்ற சனிக்கிழமை நர்சரியில் பொன்னிறப் பழங்களால் மூடப்பட்டு நின்ற அந்த மரத்தைக் கண்டதும் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. அன்று மாலையே அதன் படம் குழுவுக்குப் போய்விட்டது. கீழே அவள் எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது: ‘மாப்பிள்ளை வீட்டார் பூதக்கண்ணாடியோடு வரவும்.’

*

பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் ஹைருலின் நர்சரி இருக்கிறது. தாய்வழியில் தமிழ் முஸ்லிம் என்பதால் அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பழத்தில் கம்பியைக் கண்ட மறுநாள் கழிந்து, சனிக்கிழமை காலை ஜெகதீஸ்வரி காரைவிட்டு இறங்கியபோது அவர் உரமூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. லீமாவ் எப்படி இருக்கு?"

"நீ எனக்கு வித்தது லீமாவா, நகைக்கடை ஷோகேஸா?" என்று கேட்டு, கம்பியோடு வெட்டிக் கொண்டுவந்த பழத்தை அவர் மேசைமேல் வைத்தாள்.

ஹைருல் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயலைத் தேடிய ஜெகதீஸ்வரிக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

"நல்ல கட்டுக்கா இது. கப்பல்ல வர்றப்ப உதிர்றத திரும்பக் கட்டிருவாங்க. பெருநாளுக்கு வாசல்ல வைக்கிறதுதானே? பதினஞ்சு நாள் நின்னா போதும்."

"அத எங்கிட்ட சொல்லணுமா வேணாமா?"

"அட்டை தொங்குச்சே. செவப்பு எழுத்துல, அலங்காரத்துக்கு மட்டும்னு. தமிழ்ல இல்ல, சரி, மலாய் படிப்பீங்கல்ல?"

"எந்த அட்டை?"

"நீங்க அவுத்து எங்கையில குடுத்த அட்டை. போட்டோவுக்கு மறைக்குது, இத புடின்னு சொன்னீங்களே. நானும் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

ஜெகதீஸ்வரிக்கு அந்த அட்டை நினைவுக்கு வந்தது. அதைக் கட்டியிருந்த சிவப்பு நூலின் முடிச்சு நகத்துக்கு அகப்படாமல் படுத்திய பாடும் நினைவுக்கு வந்தது. பத்திரத்தின் அடிக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்களை அவள் அழவைத்திருக்கிறாள்.

"ஒரு மணி நேரம் எங்கடையில எல்லாச் செடியையும் திட்டுனீங்க," என்று ஹைருல் ஆறுதலாகவே சொன்னார். "இத மட்டும் கண்ண மூடிக்கிட்டுத் தூக்கிட்டீங்க. அக்காவுக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்லபோலன்னு நெனச்சேன். மரம் நல்ல மரம்தான்லா. நல்ல வெயில்ல வச்சீங்கன்னா அடுத்த வருஷம் சொந்தமாவே காய்க்கும். வேணும்னா மாத்திக்குங்க. அந்தா, பழமில்லாதது ஒண்ணு நிக்குது."

"பழமில்லாம நான் என்னத்தக் காட்டறது?"

"யாருக்குக் காட்டணும்?"

அவள் மேசைமேல் கிடந்த பழத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். வாடிக்கையாளரை நீண்ட நாள் பழக்கத்தால் புரிந்துகொள்ளக்கூடிய ஹைருல், குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஒரு நாள் தாங்கினா போதும்னா, புதுப் பழம் ஒரு பை தர்றேன். கம்பியும் ஒரு ரோல் தர்றேன். காசு வேணாம்."

‘வேண்டாம், என்னை யாரென்று நினைத்தாய்’ என்று சொல்வதற்காகவே அவள் வாயைத் திறந்தாள்.

"எத்தன பழம் இருக்கும்?" என்றுதான் வந்தது.

*

ஞாயிறு காலை, கம்பியும் கையுமாக அவள் பால்கனியில் உட்கார்ந்திருப்பதை முனுசாமி கதவருகே நின்று சிறிது நேரம் பார்த்தார். நீதி போதனை செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. முப்பது வருடம் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுத்தவர். அவரை உறுத்தியது வேறு.

"இது என்னா முடிச்சு? ஆடுது பாரு. தொட்டா விழுந்துரும்."

"தொட மாட்டாங்க."

"செடியப் பாக்க வர்றவங்க தொடாம? தள்ளு."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கெல்லாம் அறுபத்தொரு பழங்களும், ஏழு சொந்தம், ஐம்பத்து நான்கு வரவு, கண்டுபிடிக்க முடியாத நேர்த்தியோடு கிளைகளில் அமர்ந்திருந்தன. மரம் முன்பைவிடவும் அழகாக இருந்தது. ஜெகதீஸ்வரி பட்டுத் துண்டை எடுத்து அந்த அழகை மூடினாள்.

பிற்பகல் நான்கு மணிக்குப் பெண் பார்க்கும் படலம் ஆச்சியின் வீட்டில் தொடங்கியது. துண்டை விலக்கியதும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தொட்டியில் ஒரு குச்சி நின்றது. இலை ஒன்றுமில்லை.

"ஆச்சி, பொண்ணு எங்க?" என்றான் லோகேஸ்வரன்.

"பொண்ணு இன்னும் பொறக்கல. ஜாதகம் மட்டும் வந்திருக்கு," என்று குச்சியில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் காட்டினார் ஆச்சி. மனோரஞ்சிதம் என்று எழுதியிருந்தது. சுங்கை பாக்காப் வரை காரை விட்டுக்கொண்டு போய், ஒரு தோட்டத்து வீட்டில், கொடுக்கவே மாட்டேன் என்ற அம்மாளிடம் தன் வீட்டு மாங்காய் ஊறுகாயைக் கொடுத்து வாங்கிய கதையை அவர் சொன்னவிதத்துக்குப் பத்துக்குப் பத்து விழுந்தது. வேருக்கு ஒன்பது. இலைக்கு என்ன போடுவது என்று தெரியாமல், நம்பிக்கைக்காக ஐந்து போட்டாள் ஷர்மினி, பூவுக்கும் அதே.

ஷர்மினி பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் வாங்கிய காகிதப்பூச் செடி நன்றாகவே இருந்தது. கதை அதைவிட நன்றாக இருந்தது.

"அந்தக் கடை ஆண்டிக்கு என்னைய ஞாபகம் இருக்குக்கா. போன வருஷம் வாங்குன ரோஜா எங்கன்னு கேட்டுச்சு. செத்துப்போச்சுன்னேன். அப்ப உனக்கு இல்லன்னு செடிய திரும்ப வச்சிருச்சு! எனக்கு இல்ல ஆண்டி, எங்கக்காவுக்குன்னு சத்தியம் பண்ணித்தான் வாங்கிட்டு வந்தேன்."

"உனக்குத்தான் அக்காவே கெடையாதே," என்றான் லோகேஸ்வரன்.

"ஜெகா அக்கா இருக்காங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரி வழக்கமான இடத்தில் வழக்கமான ஒரு குறையைக்கூடச் சொல்லவில்லை என்பதை ஆச்சி மட்டும் கவனித்தார். இலையின் அடியில் பூச்சி இருந்ததால் மொத்தத்தில் ஷர்மினிக்கு இருபத்தேழு, ஆச்சிக்கு இருபத்தொன்பது.

பிறகு ஆறாம் மாடி. பட்டுத் துண்டு போர்த்திய மரத்தை முனுசாமி கூடத்துக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, பஜ்ஜி கருகுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டார். துண்டு விலகியது.

"அம்மாடி," என்றாள் ஷர்மினி.

லோகேஸ்வரன் தன் தொழிலுக்கு உரிய ஒழுங்கோடு ஆராய்ந்தான். வேரைப் பார்த்தான், இலைகளைப் புரட்டினான், பழங்களை எண்ணினான். பழத்தை எண்ண வேண்டும் என்றுதான் அவன் பட்டியலில் இருந்தது. எப்படித் தொங்குகிறது என்று பார்க்கும் வரி அதில் இல்லை.

"அறுபத்தொண்ணு. ஒரு டிஃபெக்ட் இல்லக்கா. நான் சரண்டர்."

"கைராசின்னா இதுதான்டி," என்றார் ஆச்சி. "எனக்கெல்லாம் குச்சி. ஒனக்குப் பாரு. செவ்வாக்கிழமை முருகனுக்கு வைக்க ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்."

தடுப்பதற்கு ஜெகதீஸ்வரிக்கு ஒரு நொடி இருந்தது. அதற்குள் ஆச்சியின் கை இலைகளுக்கு இடையே போய்விட்டது. விரல்கள் பழத்தைப் பற்றின, திருகின, நின்றன. பற்றிய இடத்திலேயே பெருவிரல் ஒருமுறை மெல்ல மேலே போய்க் கீழே வந்தது. பிறகு கை வெறுமையாக வெளியே வந்தது.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டும். பழுக்கல," என்றார் ஆச்சி.

பழம் பொன்னிறமாகப் பழுத்திருந்தது.

"காய்க்குப் பத்துக்குப் பத்து போடு, ஷர்மினி." ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பாராமலே ஆச்சி பஜ்ஜித் தட்டின் பக்கம் திரும்பினார்.

ஆச்சி கத்தியிருக்கலாம். ‘மாப்பிள்ளை வீட்டார் பூதக்கண்ணாடியோடு வரவும்’ என்ற வரியை உரக்கப் படித்துக் காட்டியிருக்கலாம்; ஒரு மாதத்துக்குக் குழுவில் அதையே பேசிச் சிரித்திருக்கலாம். அதற்கெல்லாம் திருப்பிக் கொடுக்க ஜெகதீஸ்வரியிடம் சொற்கள் இருந்தன. இந்த மௌனத்துக்கு அவளிடம் எதுவும் இல்லை. எதிரே ஷர்மினி கைப்பேசியில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கடைக் கதை சொன்னால் போதும். மேல்தளத்துச் சாவி நாளை அவள் கையில். அந்தக் கதையையும் அவள் நேற்றே தயாரித்து வைத்திருந்தாள்.

"கொஞ்சம் நில்லு ஷர்மினி," என்று அவள் எழுந்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாருமே ஒழுங்கா பாக்கல. நான் பாக்கறேன்."

"ஒங்க பொண்ண நீங்களே பாக்கறதாக்கா?"

"வேற யாருக்குப் பாக்கத் தெரியுது?" அவள் மரத்தின் முன் குனிந்தாள், அவளுடைய அந்தப் பழைய குரல், மூவரையும் நடுங்கவைக்கும் குரல், தானாக வந்துவிட்டது. "பொண்ணுக்கு வயசு சொன்னதவிட கூட. இங்க பாரு, அடிமரத்துல வெட்டுனது ஆறின தழும்பு. லோகேஸ்வரா, எலைக்குக் கீழ மாவுப்பூச்சி மூணு ஒக்காந்திருக்கு, நீ ஹலோ சொல்லிட்டு வந்திட்ட. தொழிற்சாலையில ஒன்ன நம்பி எப்படி சாமான் அனுப்புறாங்க? அப்புறம் நகை." ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். "நகை பூரா எரவல்."

சமையலறையிலிருந்து முனுசாமியின் குரல் வந்தது. "ஜெகா, இழுக்காத! ரெண்டு சுத்து போட்டிருக்கேன். பின்பக்கமா அவுக்கணும்."

முதலில் சிரித்தது ஆச்சிதான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூச்சு முட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லோகேஸ்வரன் கைப்பேசி விளக்கை அடித்துக் கம்பியைக் கண்டுபிடித்தான்.

"நீங்களுமாண்ணே?"

"வேலை சுத்தமா இல்லியா, அதச் சொல்லு," என்றார் முனுசாமி, கரண்டியோடு வாசலில் நின்றபடி.

"சுத்தம்ணே. எங்க லைன்ல இந்த மாதிரி யாரும் முறுக்க மாட்டாங்க."

"அது இருக்கட்டும்," ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பூச்சி எந்தக் கால்ல நொண்டுதுன்னு சொல்றவ நீ. நீ எப்படிடி இத வாங்குன?"

ஜெகதீஸ்வரி பால்கனிக் கதவைத் திறந்து விட்டாள். விருந்தினர் வந்தால் திரை போட்டே வைத்திருக்கும் கதவு அது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் காலித் தொட்டிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், வானம் இருக்க வேண்டிய இடத்தில் கோபுரம் நின்றது.

"வெயில் வரல ஆச்சி. ஒரு வருஷமாச்சு. நீங்கள்லாம் வர்றப்ப கூடத்துல பூத்து நின்னதெல்லாம் மொதநாள் கடையிலேருந்து வந்தது."

ஷர்மினி ஒரு தொட்டியை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தாள்.

"ஊர்ல உள்ள செடிக்கெல்லாம் தெறக்குற வாய்," என்றார் ஆச்சி மெதுவாக, "இதுக்கு ஒரு தடவ தெறந்திருக்கலாம்ல? ஒரு வருஷமா இருட்டுல குடும்பம் நடத்தியிருக்கியே."

"கேக்க வெக்கமா இருந்துச்சு ஆச்சி."

"கம்பி கட்டறப்ப இல்லியா?"

"அப்பவும்தான்."

ஷர்மினி மரத்தின் ஓர் இலையைத் தொட்டாள். "நக எரவல்னா, பொண்ணு மேல என்னா குத்தம்? எல நல்லா இருக்கு, வேர் நல்லா இருக்கு. வெயில் குடுத்தா காய்க்குமில்லக்கா?"

"அடுத்த வருஷம்னு ஹைருல் சொல்றான்."

"மார்க்குப்படி பாத்தா எடம் ஆச்சிக்குத்தான்," என்றான் லோகேஸ்வரன். "என் செடிய இன்னும் பாக்கல, அது வேற."

ஆச்சி கேசரியை விரலால் வழித்துக்கொண்டே சற்று யோசித்தார். "எனக்கு அந்த எடம் எதுக்குன்னு நெனச்சீங்க? குச்சி நடவா? வடகம் காய வைக்க. எங்க பால்கனியில புறா தின்னுட்டுப் போயிருது." தன் ரகசியத்தைப் போட்டு உடைத்த நிம்மதியோடு அவர் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். "பேரு ஒன் பேராவே இருக்கட்டும். வருஷத்துல ரெண்டு ஞாயிறு எனக்கு வடகத்துக்கு விட்டுறணும். அப்புறம் இவங்க வீட்டுல சாகக் கெடக்கறதெல்லாம் மேல வரும், பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன் ஆச்சி."

"இரு, முடிக்கல. ஒரு வருஷத்துக்கு எந்த வீட்டுச் செடியப் பத்தியும் நீ ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது."

ஜெகதீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். இடத்துக்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டவள், இந்த நிபந்தனைக்கு முன் உண்மையாகவே தடுமாறுவதை மூவரும் ரசித்துப் பார்த்தார்கள்.

"மூணு மாசம்."

"ஒரு வருஷம்."

"எலையப் புரட்டிப் பாக்கலாமா?"

"பாக்கலாம். பேசக் கூடாது."

"மூஞ்சில காட்டலாமா?"

"கூடாது," என்று ஷர்மினியும் லோகேஸ்வரனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எதிர்க் கோபுரத்தின் கண்ணாடியில் யார் வீட்டுக்கோ போகும் மாலை வெயில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

பிறகு நால்வரும், கரண்டியை வைத்துவிட்டு வந்த முனுசாமியும், லோகேஸ்வரனின் வீட்டுக்கு மின்தூக்கி ஏறினார்கள். பதினோராம் மாடி. அவன் அம்மா கேசரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். துண்டு மூடிய சின்னத் தொட்டி ஒன்று மேசைக்கு வந்தது. லோகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் திரை விலக்குபவனைப்போல் துண்டை உருவினான்.

உருண்டையான கள்ளிச்செடி. அதன் தலையில் மூன்று இளஞ்சிவப்புப் பூக்கள், காய்ந்த காகிதம்போல் விறைத்து நின்றன. அவற்றில் ஒன்று முள்ளின் நுனியிலேயே பூத்திருந்தது. மூன்றின் அடியிலும் பசை, உருகி உறைந்த துளிகளாக விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

"கடைக்காரர் சொன்னாரு," என்று லோகேஸ்வரன் ஆரம்பித்தான், "இந்த ஜாதி பூத்தா வருஷம் முழுக்க வாடாதாம். தண்ணிகூட பூ மேல படக்கூடாதாம். நான் கடையில அரை மணி நேரம் செக் பண்ணித்தான் எடுத்தேன். எப்படிக்கா?"

ஷர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். முனுசாமி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த முகம் இத்தனை பாடுபட்டு அவர் பார்த்ததில்லை. ஜெகதீஸ்வரியின் கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று. வழியில் திசை மாறிக் கேசரித் தட்டுக்கு வந்தது. இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டு, அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"மெதுவா மெல்லுடி," என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினார் ஆச்சி. "இன்னும் முன்னூத்து அறுபத்தஞ்சு நாள் இருக்கு."